மாலைக் கல்லூரிக்குச் சைக்கிளில் செல்வோர்: புத்தகமும் சாமானும் சுமப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் பகலில் வேலை பார்த்து மாலையில் படிக்கும் தமிழர்கள் அல்சூர், முர்பி டவுன், விவேக்நகர், நீலசந்திரா, ஈஜிபுரா, ஸ்ரீராமபுரம் என்று எல்லாப் பகுதிகளிலும் இருக்கிறார்கள். அவர்களில் சைக்கிளில் போய்வருபவரின் சிக்கல் முழுநேர மாணவரின் சிக்கல் அன்று. காலையில் கிளம்பும்போதே அலுவலக லேப்டாப், மதியச் சாப்பாடு, மாலை வகுப்புக்கான புத்தகம், மழைக்கோட்டு எல்லாம் சேர்ந்து புறப்பட வேண்டும். திரும்பி வீடு சேரும்போது இரவு ஒன்பதரை ஆகிவிடும். இடையில் எதையும் இறக்கிவைக்க இடம் கிடைப்பதில்லை. அப்படிப்பட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே உள்ளன.

ஒரு நாளைக்கு எவ்வளவு எடை வரை கொண்டுபோகலாம்?

சைக்கிள் தாங்கும் எடை வேறு, ஓட்டுகிறவர் தாங்கும் எடை வேறு. நல்ல அலுமினியக் கேரியர்கள் பலவற்றில் 25 கிலோ வரை ஏற்றலாம் என்று அச்சிட்டிருக்கும். ஆனால் நாள்தோறும் போய்வருகிறவர் அந்த எல்லையை நெருங்கவே கூடாது. உங்கள் எடை 65 கிலோ, சைக்கிளின் எடை 15 கிலோ என்று வைத்துக்கொண்டால், கூடுதலாக ஏற்றும் ஒவ்வொரு 8 கிலோவுக்கும் மேட்டில் பத்து சதவீதம் அதிகமாக உழைக்க வேண்டியிருக்கும். சமதளத்தில் அது தெரியாது. ஆனால் பெங்களூர் சமதளமான ஊர் அன்று. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே, மேடும் பள்ளமுமாக அமைந்த ஊர். ஏரிகள் பள்ளத்திலும் பழைய தண்டுப் (கன்டோன்மென்ட்) பகுதிச் சாலைகள் மேட்டிலும் இருப்பதால், அல்சூர் ஏரிக்கரையிலிருந்து எம்.ஜி. ரோட்டுக்கு ஏறுகிறவருக்குப் பையில் இருக்கும் ஒவ்வொரு புத்தகமும் தன் எடையைச் சொல்லிவிடும். எல்லாம் சேர்ந்து ஐந்திலிருந்து ஏழு கிலோவுக்குள் அடங்கினால் ஆண்டு முழுவதும் தளராமல் ஓட்டலாம் என்பது எங்கள் கருத்து.

அவ்வளவுக்குள் அடக்க முடியவில்லையே, எதைக் குறைப்பது?

பை வாங்குவதற்கு முன் விடை காண வேண்டிய கேள்வி இதுதான். பெரும்பாலோர் பெரிய பையை முதலில் வாங்கிவிட்டு, பிறகு அதை நிரப்பப் பொருள் தேடுகிறார்கள்.

எடையைக் கணக்குப் போட ஒரு எளிய வழி உண்டு. சாதாரண 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்றின் எடை 5 கிராம். இருபுறமும் அச்சிட்ட நாற்பது பக்கப் பாடப்பகுதி என்றால் இருபது தாள், அதாவது 100 கிராம். அதே பாடம் உள்ள தடித்த அட்டைப் புத்தகமோ ஒன்றரைக் கிலோ வரும். அன்றைய வகுப்பில் எத்தனை பக்கம் நடக்கும் என்பதைப் பாடத்திட்டத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்னும்போது, முழுப் புத்தகத்தையும் நகரம் முழுக்கச் சுற்றிக் காட்டத் தேவையில்லை.

சொந்தப் புத்தகமாக இருந்தால் அதைப் பைண்டிங் கடையில் கொடுத்து இரண்டு அல்லது மூன்று பாகமாகப் பிரித்துத் தனித்தனியே கட்டச் சொல்லலாம். செமஸ்டரின் முதல் பாதிக்கு முதல் பாகம் மட்டும் பையில் இருந்தால் போதும். புத்தகத்தை வெட்டுவது பாவம் என்று நினைப்பவர்கள் அவென்யூ ரோட்டுக்குப் போய் அதே புத்தகத்தின் பழைய பிரதி ஒன்றை வாங்கி அதைப் பிரித்துக்கொள்ளட்டும். இன்னும் நல்லது, பழைய பிரதி அலுவலக மேசையிலும் புதியது வீட்டிலும் இருப்பது. பழைய பதிப்பில் பக்க எண் மாறியிருந்தாலும் அடிப்படைப் பாடங்கள் பெரிதாக மாறுவதில்லை. சட்டம், வரி போன்ற பாடங்களுக்கு மட்டும் இந்த வழி ஆகாது. அவற்றில் பழைய பதிப்பு ஆபத்தானது.

லேப்டாப்புக்கு இரண்டாவது சார்ஜர் ஒன்றை அலுவலகத்திலேயே வைத்துவிட்டால் அரைக் கிலோ வரை குறையும். தண்ணீர் ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. கல்லூரியில் குடிநீர் கிடைக்குமானால் காலிப் பாட்டிலோடு போய் அங்கே நிரப்பிக்கொள்ளுங்கள்.

முதுகுப்பையே போதாதா? எல்லாரும் அதைத்தானே மாட்டுகிறார்கள்?

மூன்று கிலோ வரை போதும். அதற்கு மேல் போனால் முதுகுப்பை மூன்று வகையில் தொல்லை தரும். பாரம் உயரத்தில் இருப்பதால் சைக்கிளின் சமநிலை குறைகிறது. பள்ளத்தைத் தவிர்க்கச் சட்டென்று வளைக்கும்போது பை ஒரு பக்கம் இழுக்கும். குனிந்து ஓட்டும்போது பாரம் தோளிலும் கழுத்திலும் இறங்கி, இருக்கையில் அழுத்தத்தைக் கூட்டும். மூன்றாவது, வியர்வை. பெங்களூரின் குளிர்ந்த காலையிலும் முதுகுப்பைக்குக் கீழே சட்டை நனைந்துவிடும் என்பதை அலுவலகத்துக்கு அப்படியே போகிறவர்கள் அறிவார்கள்.

பை சுமப்பது சைக்கிளின் வேலையாக இருக்கட்டும். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரு எண்ணத்திலிருந்து பிறந்தவையே.

எப்படிப்பட்ட கேரியர் வாங்க வேண்டும்?

பழைய கருப்புச் சைக்கிள்களில் வரும் இரும்புக் கேரியர் கனமானது. ஆனால் அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன் ஸ்பிரிங் க்ளிப் இன்றும் ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பிடிக்க மிக வசதியான கருவி. கியர் சைக்கிளுக்குத் தனியாக வாங்குவதானால், பின் அச்சுக்கு அருகில் இருபுறமும், இருக்கைக்குக் கீழே இருபுறமும் என நான்கு இடங்களில் பிடிக்கும் கேரியரையே வாங்குங்கள். பக்கவாட்டில் தொங்கும் பை சக்கரத்துக்குள் போகாமல் தடுக்கும் கம்பி இருபுறமும் இருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளுக்கு அதற்கென்றே கால் விலகி வரும் கேரியர் வேண்டும். சாதாரணக் கேரியரை வளைத்து மாட்டித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மாட்டியபின் போல்ட்டுகளைக் கவனியுங்கள். பெரும்பாலும் அவை 5 மில்லிமீட்டர் போல்ட்டுகள். இந்த ஊரின் ஹம்ப்புகள் (வேகத்தடைகள்) அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திவிடும். முதல் வாரத்தில் ஒருமுறையும், பிறகு மாதம் ஒருமுறையும் ஆலன் கீயால் (அறுகோண முனைச் சாவியால்) இறுக்குங்கள். போல்ட்டின் முனை மறுபக்கம் வெளியே வருமானால், அதில் நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள, எளிதில் தளராத நட்) ஒன்றைப் போட்டுவிட்டால் கவலை குறையும். கேரியர் ஓடும்போது ‘கிண் கிண்’ என்று சத்தம் எழுப்பினால் அன்றே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரு பக்கப் போல்ட் விழுந்தபின் மறுபக்கம் அதிக தூரம் தாங்காது.

என் சைக்கிளில் கேரியர் மாட்டத் துளையே இல்லை. என்ன செய்வது?

இருக்கைக் குழாயில் மட்டும் கவ்விக்கொள்ளும் கேரியர்கள் கிடைக்கின்றன. அவை பத்துக் கிலோவுக்கும் குறைவாகத்தான் தாங்கும். பாரம் ஏறினால் இடவலமாகத் திரும்பிக்கொள்ளும். ஒரு நோட்டு, ஒரு மழைக்கோட்டு என்றால் அது போதும். கூடுதலாக வேண்டுமானால், குழாயைச் சுற்றிப் பிடிக்கும் வளையக் கவ்விகளை வாங்கி நான்கு புள்ளிக் கேரியரையே மாட்டலாம். கார்பன் சட்டகத்தில் எந்தக் கவ்வியையும் மாட்டாதீர்கள்.

பக்கவாட்டுப் பை வாங்கினால் அதை எப்படி அடுக்க வேண்டும்?

பேனியர் என்று கடைகளில் விற்கும் இந்தப் பைகள் கேரியரின் இரு பக்கமும் தொங்குவதால் பாரம் கீழே இறங்கிவிடுகிறது. கனமான புத்தகத்தை அடியிலும், சைக்கிளை ஒட்டிய உட்புறத்திலும் நிறுத்திவைத்து, துணிமணியை வெளிப்புறத்தில் வையுங்கள். புத்தகத்தின் முதுகு கீழ்நோக்கி இருந்தால் மூலை மடங்காது.

ஒரே பைதான் இருக்கிறது என்றால் இடப்பக்கம் மாட்டுவதே நல்லது. நம் சாலையில் வண்டிகள் வலப்பக்கமாகக் கடந்து போகின்றன; அந்தப் பக்கம் பை துருத்திக்கொண்டிருந்தால் ஆட்டோவின் ஓரம் அதில் உரசும். ஆனால் பக்க ஸ்டாண்டும் இடப்பக்கமே இருப்பதால், நிறுத்திவைக்கும்போது பாரமான பை சைக்கிளை அந்தப் பக்கமே சாய்த்துவிடும். ஆகவே ஒற்றைப் பைக்காரர்கள் சுவரோரம் சாய்த்து நிறுத்தப் பழக வேண்டும், அல்லது இரண்டு கால் ஸ்டாண்டு போட்டுக்கொள்ள வேண்டும்.

பெடல் மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கிறதா என்பதைக் கடையிலேயே உட்கார்ந்து பாருங்கள். சிறிய சட்டகம், பெரிய பாதம், இந்த இரண்டும் சேர்ந்தால் இடிக்கத்தான் செய்யும். பையின் கொக்கிகளைச் சற்றுப் பின்னால் நகர்த்தினால் சரியாகும். கொக்கி நகராத பையை வாங்க வேண்டாம். பெண்கள் சைக்கிளில் புடவையும் துப்பட்டாவும் சிக்காமல் இருக்கப் போட்டிருக்கும் வலையைக் கழற்றிவிடாதீர்கள். தொங்கும் துணிப்பையையும் அதுவே சக்கரத்திலிருந்து காக்கிறது.

பை எதுவும் வாங்காமல், கேரியரில் கட்டிக்கொண்டே போகலாமா?

தாராளமாகப் போகலாம். இதற்குப் பழைய சைக்கிள் டியூபுக்கு இணையாக எதுவும் இல்லை. பஞ்சர் கடையில் கேட்டால் ஒட்டுப்போட முடியாத டியூப் ஒன்றைச் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். வால்வு இருக்கும் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் இரண்டு நல்ல பட்டைகள் கிடைக்கும். ஒரு முனையைக் கேரியரின் கம்பியில் முடிச்சிட்டு, புத்தகக் கட்டின் மேல் இழுத்துக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, மிஞ்சும் முனையைக் கடைசிச் சுற்றுக்குள் செருகிவிட்டால் போதும். ரப்பர் ரப்பரைப் பிடித்துக்கொள்ளும், வழுக்காது. கருப்புச் சாயம் அட்டையில் ஒட்டாமல் இருக்க நாளிதழில் சுற்றிக் கட்டுங்கள்.

இரு முனையிலும் உலோகக் கொக்கி உள்ள எலாஸ்டிக் கயிற்றை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இழுத்து மாட்டும்போது கை நழுவினால் கொக்கி முகத்தில் வந்து அடிக்கும். ஓடும்போது கழன்றால் ஸ்போக்குக்குள் போய்விடும். எந்தக் கயிறானாலும் தொங்கும் முனை இருக்கக் கூடாது.

ஹேண்டில்பாரில் பையை மாட்டிக்கொள்வது தவறா?

தவறு. ஆடும் பை முன் சக்கரத்தைத் தொட்ட அந்த நொடியில் சைக்கிள் நின்றுவிடும், ஓட்டுகிறவர் நிற்க மாட்டார். நிலையாகப் பொருத்திய முன் கூடையில் மட்டும் இரண்டு கிலோ வரை வைக்கலாம்.

லேப்டாப்பைச் சைக்கிளில் வைப்பது பாதுகாப்பா, முதுகில் மாட்டுவது பாதுகாப்பா?

இதில் இரு கட்சி உண்டு. உடல் அதிர்வை வாங்கிக்கொள்வதால் முதுகே சிறந்தது என்பது ஒன்று. விழுந்தால் முதுகோடு லேப்டாப்பும் அடிபடும் என்பது மற்றொன்று. வழியைப் பார்த்து முடிவு செய்வதே அறிவுடைமை. தார் நன்றாக உள்ள சாலையானால், பஞ்சு உறைக்குள் போட்டுப் பக்கவாட்டுப் பையில் நிறுத்திவையுங்கள். பையின் அடியில் ஒரு பழைய துண்டை நான்காக மடித்துப் போட்டு, லேப்டாப்பின் விளிம்பு அதன் மேல் நிற்குமாறு செய்தால், குழியில் இறங்கும் அதிர்ச்சி நேராகத் தாக்காது. சாலை தோண்டிப் போட்டிருக்கும் வழியானால் (இந்த ஊரில் அதற்குக் குறைவில்லை) லேப்டாப்பை மட்டும் மெல்லிய முதுகுப்பையில் எடுத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் கேரியருக்கு விடுங்கள். சுழலும் தட்டுள்ள பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால், ஸ்லீப்பில் போடாமல் முழுவதும் அணைத்துவிட்டே பையில் வைக்க வேண்டும். லேப்டாப்பும் தண்ணீர்ப் பாட்டிலும் ஒரே அறையில் இருக்கவே கூடாது.

மழைக்கு என்ன வழி?

பெங்களூரில் மாலை வகுப்பு மாணவரின் உண்மையான எதிரி மழைதான். ஏப்ரல், மே மாதங்களில் பகலெல்லாம் வெயில் அடித்துவிட்டுச் சாயங்காலம் இடியுடன் கொட்டும்; ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவம் செப்டம்பரில் உச்சத்தை எட்டும்; அக்டோபரும் அதற்கு அதிகம் குறைந்ததன்று. அலுவலகம் விட்டுக் கல்லூரிக்குப் போகும் நேரமும் மழை வரும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுவதால், காலையில் வானம் வெளுத்திருப்பதை நம்பி மழைக்கோட்டை வீட்டில் விட்டுவரக் கூடாது.

பைக்கு மேல் போடும் மழை உறை மட்டும் காப்பாற்றாது. முதுகுப்பை உறை முதுகை ஒட்டிய பக்கத்தை மூடுவதில்லை; சட்டையில் வழியும் நீர் அந்தப் பக்கமாக இறங்கி, பையின் அடியில் தேங்கி, புத்தகத்தின் கீழ் விளிம்பை நனைக்கும். பக்கவாட்டுப் பைக்கு ஆபத்து கீழிருந்து வருகிறது: மட்கார்டு இல்லாத சைக்கிளில் சக்கரம் வாரி இறைக்கும் சேற்றுநீர், உறை மூடாத உட்புறத்தில் அடிக்கும். ஆகவே முழு நீள மட்கார்டு முதல் தேவை. அடுத்தது உள்ளே போடும் உறை. தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றில் புத்தகத்தையும் நோட்டையும் போட்டு, காற்றை வெளியேற்றி, பையின் கழுத்தை முறுக்கி, மடக்கி, ரப்பர் பேண்ட் போட்டுவிட்டால், வெளிப்பை முழுகினாலும் தாள் நனையாது. வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாப் பை கையில் இருந்தால் இந்த வேலை மிச்சம்.

ஓட்டுகிறவருக்குக் கோட்டும் பேண்ட்டுமாகத் தனித்தனியே உள்ள மழை உடையே நல்லது. போர்வைபோல் விரியும் போன்ச்சோ காற்றில் பறந்து சக்கரத்தில் சிக்கும், பின் விளக்கையும் மறைக்கும். மழை கொட்டும்போது கே.ஆர். சர்க்கிள், ஓக்கலிபுரம் போன்ற சுரங்கப்பாதைகளில் தண்ணீர் தேங்கும். எவ்வளவு அவசரமானாலும் ஆழம் தெரியாத நீரில் சைக்கிளை இறக்காதீர்கள். கோடை இடிமழை பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடும். முதல் பாடவேளை போனால் போகட்டும்.

புத்தகம் நனைந்துவிட்டால் காப்பாற்ற முடியுமா?

நனைந்த அன்றே கவனித்தால் முடியும்; இரண்டு நாள் விட்டால் பூஞ்சை பிடித்துவிடும். அட்டையைப் பிழியாமல், துண்டால் ஒற்றி எடுங்கள். பிறகு புத்தகத்தை நிமிர்த்தி, பக்கங்கள் விசிறிபோல் விரியுமாறு நிறுத்தி, மின்விசிறிக் காற்றில் விடுங்கள். சில பக்கங்களுக்கு ஒருமுறை டிஷ்யூ தாள் வைத்து, அது நனைந்ததும் மாற்றுங்கள். வெயிலில் போட்டால் தாள் முறுக்கிக்கொள்ளும். வழவழப்பான தாளில் அச்சிட்ட புத்தகம் மட்டும் அப்படியே காய்ந்தால் பக்கங்கள் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். உடனே கவனிக்க நேரமில்லையானால் அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீஸரில் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து உலர்த்தலாம். ஃப்ரீஸரில் புத்தகம் ஏன் இருக்கிறது என்று வீட்டில் கேட்டால் அதற்கான விடை உங்கள் பொறுப்பு.

டிராயிங் ஷீட், மினி டிராஃப்டர், லேப் கோட்டு இவற்றை எப்படிக் கொண்டுபோவது?

ஷீட்டைச் சுருட்டி மூடியுள்ள குழாயில் போட்டு, சட்டகத்தின் மேல் குழாயோடு இரண்டு இடங்களில் பட்டையால் கட்டுங்கள். முதுகில் குறுக்காக மாட்டினால் திரும்பிப் பார்க்கும்போது இடிக்கும்; கேரியரில் குறுக்கே கட்டினால் பக்கத்து வண்டியில் மாட்டும். பொறியியல் வரைபடத்துக்குக் கோடு போட உதவும் மினி டிராஃப்டரின் கம்பி வளைந்தால் கோடு பிசகிவிடும் என்பதால், அதை அதன் உறையோடு ஒரு அட்டைக்குள் வைத்துப் பையின் உட்புறச் சுவரை ஒட்டி நிறுத்த வேண்டும். லேப் கோட்டைச் சுருட்டினால் போதும்.

மதியச் சாப்பாடு?

குழம்பும் ரசமும் புத்தகம் உள்ள பையில் வேண்டாம். திருகுமூடி டப்பாவில் ஊற்றி, அதையும் ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, மறுபக்கப் பையில் நிமிர்த்தி வையுங்கள். தயிர்சாதம், புளியோதரை, சப்பாத்தி கொண்டுபோகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

இரவில் திரும்பும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இருக்கைக் குழாயில் மாட்டிய சிவப்பு விளக்கைக் கேரியரில் ஏறிய பை முழுவதுமாக மறைத்துவிடும். ஓட்டுகிறவர் விளக்கு எரிகிறது என்ற நம்பிக்கையில் போய்க்கொண்டிருப்பார். பாரம் ஏற்றுகிறவர்கள் பின் விளக்கைக் கேரியரின் கடைசி முனையில் மாட்ட வேண்டும். பைகளை ஏற்றியபின் பத்தடி பின்னால் போய் நின்று, விளக்கு தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பையின் பின்புறத்திலும் பக்கத்திலும் ஒளி திருப்பும் பட்டை தைத்துக்கொள்வது செலவில்லாத பாதுகாப்பு. முன் விளக்கு சாலையைக் காட்டுமாறு சற்றுக் கீழ்நோக்கி இருக்கட்டும். மூடி இல்லாத சாக்கடையும் பெயின்ட் அழிந்த ஹம்ப்பும் அந்த வெளிச்சத்தில்தான் தெரியும்.

பாரம் ஏற்றுவதால் சைக்கிளுக்குத் தனிப் பராமரிப்பு வேண்டுமா?

பின் சக்கரத்துக்கு வேண்டும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் மேல் எல்லையைத் தாண்டாமல், வழக்கத்தைவிட 5 முதல் 10 பிஎஸ்ஐ கூடுதலாகக் காற்று வையுங்கள். காற்று குறைவாக இருந்தால், ஹம்ப்பில் ஏறும்போது டியூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டைகளோடு பஞ்சராகும். ஸ்போக் ஒன்று உடைந்தால் உடனே மாற்றுங்கள், மற்றவை அதன் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கின்றன. பாரத்தோடு நிற்கக் கூடுதல் தூரம் ஆகும் என்பதால் பிரேக் கட்டை தேயும் வரை காத்திருக்க வேண்டாம்.

மெட்ரோவில் சைக்கிளை ஏற்றலாமா?

மடிக்கும் சைக்கிளுக்கு மட்டும் நம்ம மெட்ரோ 2022 ஜூனில் அனுமதி அளித்தது. மடித்தபின் 60 × 45 × 25 செ.மீ. அளவுக்குள்ளும் 15 கிலோ எடைக்குள்ளும் இருக்க வேண்டும், கடைசிப் பெட்டியில்தான் ஏற வேண்டும் என்பவை அப்போது அறிவித்த நிபந்தனைகள். இங்கே ஒரு முள் இருக்கிறது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 20 அங்குலச் சக்கர மடிப்பு சைக்கிள்கள் மடித்தபின்னும் ஏறத்தாழ 80 செ.மீ. நீளம் இருக்கும், அதாவது அந்த அளவுக்குள் அடங்கா. மெட்ரோவை நம்பி மடிப்பு சைக்கிள் வாங்குவதற்கு முன், நீங்கள் ஏறும் நிலையத்தில் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

கல்லூரியில் சைக்கிளை நிறுத்தும்போது பைகளை விட்டுவிட்டுப் போகலாமா?

காலிப் பையானாலும் கழற்றிக்கொண்டு போங்கள். விளக்குகளுக்கும் இதே விதி. சட்டகத்தையும் பின் சக்கரத்தையும் சேர்த்து, அசையாத கம்பி ஒன்றோடு பூட்டுங்கள். யூ வடிவப் பூட்டு ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். நாள்தோறும் ஒரே இடத்தில் நிறுத்துகிறவர்கள் அதை அந்தக் கம்பியிலேயே பூட்டி விட்டுவரலாம். காவலாளிக்கு முகம் தெரிந்திருப்பது எந்தப் பூட்டைவிடவும் பயன்படும். இரவுக் காவலுக்கு இருப்பவர் தமிழராகவே இருந்துவிட்டால் இன்னும் நல்லது, ‘அண்ணா, கொஞ்சம் பாத்துக்கோங்க’ என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

தேர்வு நாளில்?

ஹால் டிக்கெட், அடையாள அட்டை, பேனாக்கள், கால்குலேட்டர் இவை நான்கும் ஜிப் உள்ள பிளாஸ்டிக் உறையில், மார்புக்கு முன்னால் மாட்டும் சிறு பையில் இருக்கட்டும். கடைசி நேரத்தில் புரட்டுவதற்குக் குறிப்பு நோட்டு ஒன்று போதும். லேப்டாப்பை அலுவலகத்திலேயே பூட்டி வைத்துவிட்டு வர அனுமதி உண்டா என்று முந்தைய நாளே கேட்டுவையுங்கள்.